சுட்டவர் பெயர்

கடையம்
6.7.2025

அன்புள்ள லட்சுமி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அங்கே ஓடி ஓடிப் பாதியாகிவிட்டாய் என்று பெரியம்மா புலம்புகிறாள். உண்மையா என்று எழுது. பயிற்சிப் பள்ளியில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் மட்டும் தருகிறார்களாமே. அந்தப் பத்து நிமிடமும் குற்றாலத்தில் இருக்கும் நம்பிராஜன் அத்தானுக்கே போய்விடுகிறதாம். நியாயம்தான். எனக்கும் கடிதமே வசதி. பேசினால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய்.

சாரல் இந்த வருடம் மலையடிவாரம் முழுக்க விழுகிறது. நிலக்கடலை பறிக்கும் பருவம். எங்களுக்கு முன்னால் பன்றிகள் பறிக்கின்றன. ஒரு மூலையில் தொடங்கி, வரிசை பிசகாமல், கூலிக்கு ஆள் விட்டதுபோல் வேலை முடித்திருக்கின்றன. அப்பா குனிந்து மண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுவளவிட சுத்தமாத்தாம்ட்டி பறிச்சிருக்கு" என்றார்.

வனக்காப்பாளர் ஆகப் போகிறவளிடம் ஒரு சந்தேகம். காட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பன்றிக்கு விதி மாறுகிறது என்று பேப்பரில் படித்தேன். காட்டின் எல்லைக் கல்லிலிருந்து நம் வேலி வரை செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து அளந்தேன். எண்ணூறு மீட்டர். இது எந்தக் கணக்கில் வரும்? எல்லையைத் தாண்டிவிட்டோம் என்பது பன்றிக்கு எப்படித் தெரியும்?

அப்பா சுகமாக இருக்கிறார். எனக்கு மெய்ப்புத் திருத்த இரண்டு புத்தகங்கள் சென்னையிலிருந்து வந்திருக்கின்றன. சாப்பாட்டை விட்டுவிடாதே.

உன் தங்கை,
ஸ்ரீமதி


பயிற்சிப் பள்ளி விடுதி
20.7.2025

ஏட்டி ஸ்ரீமதி,

நலம், நலமறிய ஆவல். பாதியாகவில்லை, முக்காலாகியிருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு ஓட்டம். முப்பத்தொரு வயதில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஓடுகிறேன். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, வாங்கக்கா" என்று கூப்பிடுவதுதான் தாங்க முடியவில்லை.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் சுடலாம், அதுவும் துறை ஆட்கள் மட்டும். நீ எண்ணூறில் இருக்கிறாய். பன்றிக்கு இதை யார் சொல்வது என்று வகுப்பில் உன் சார்பாகக் கேட்டேன். ஆசிரியர் சிரித்தார். சிரித்துவிட்டு மைதானத்தை நான்கு சுற்று ஓடச் சொன்னார்.

சித்தப்பாவிடம்தான் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிய துப்பாக்கி இருக்கிறதே. வெறும் வெடிமருந்தைக் கெட்டித்துச் சத்தம் கொடுத்து விரட்டட்டும். குண்டு போட்டுப் பன்றி விழுந்தால் அது வேட்டை. வயல் உங்களுடையது, பன்றி உங்களுடையது இல்லை.

சித்தப்பா கண்ணாடி மாற்றினாரா? சித்திரையில் நான் வந்தபோது காப்பி டம்ளரை இரண்டு தடவை தேடி எடுத்தார். நீ அதைப் பார்த்தாய், எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
லட்சுமி


கடையம்
3.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் வந்ததும் நான்கு சுற்றுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், மனத்துக்குள்.

துப்பாக்கி உரிம விதிகளை வரவழைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாவலைப்போல் இருக்கிறது. அதில் உரிமதாரர் என்று ஒருவர் வருகிறார். அவருக்கு முகம் கிடையாது, வயது உண்டு. சட்டப்படியான வாரிசு என்று இன்னொருவர் பின்னால் நின்றுகொண்டே இருக்கிறார். இருவரும் கடைசிவரை பேசிக்கொள்வதில்லை.

நான் இப்போது மெய்ப்புத் திருத்தும் ஒரு கதையிலும் இப்படி வருகிறது. உரிமம் வீட்டுப் பெரியவர் பெயரில் இருக்கிறது. ஆனால் சுடுவது வீட்டில் வேறொருவர். சத்தத்துக்காகத்தான், ஆகாயத்தைப் பார்த்துத்தான் சுடுகிறார். உரிமதாரர் பக்கத்திலேயே நிற்கிறார். இது விதிப்படி சரியா? எழுதியவர் தவறாக எழுதியிருந்தால் குறித்து அனுப்ப வேண்டும்.

மருந்துப் புகையின் வாடை தலைமுடியில் மூன்று நாள் இருக்கும் என்றும், துப்பாக்கி தோளில் உதைக்கும் இடத்தில் கோழிமுட்டை அளவுக்குக் கன்றிப்போகும் என்றும் எழுதியிருக்கிறார். அதுவும் சரியா?

அப்பாவின் கண்ணாடிக்கு இன்னும் போகவில்லை. கடலை முடியட்டும் என்கிறார்.

ஸ்ரீமதி


பயிற்சிப் பள்ளி விடுதி
17.8.2025

அன்புள்ள ஸ்ரீமதிக்கு,

நலம். நேற்று எங்களுக்கு முதல் முதலாகத் துப்பாக்கி கொடுத்தார்கள். என் தோளும் கன்றியிருக்கிறது. அளவு சரிதான். ஆனால் வாடை மூன்று நாள் எல்லாம் இருக்காது. உன் கதாசிரியர் தலைக்குச் சீயக்காய் போடுவதே இல்லையா?

விதி இதுதான். உரிமம் யார் பெயரிலோ அவர்தான் சுடலாம். அவர் பக்கத்தில் நிற்கிறார் என்பதால் இன்னொருவர் சுட முடியாது. அவருக்காகத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான். ஆனால் உரிமம் வாங்கி இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தாலோ, எழுபது வயது முடிந்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்டு மனு கொடுக்கலாம். வாரிசு பயிற்சிச் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் காட்ட வேண்டும். சித்தப்பா உரிமம் வாங்கி முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும், இல்லையா? உன் கதாசிரியருக்குச் சொல்.

இந்த வாரம் கூடாரம் பற்றிய பாடம். குற்றாலத்தில் அறை கிடைக்காத கூட்டமெல்லாம் இப்போது மலையடிவாரத்துக்கு வருகிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, தங்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது. உன் வயலுக்கு மேலே ஓடை வளைகிற இடம் எல்லைக் கல்லுக்கு உள்ளே இருக்கிறது. அங்கே எவனாவது கூடாரம் அடித்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல். எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

லட்சுமி


கடையம்
7.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்குச் சளி என்று பெரியம்மா சொன்னாள், வெந்நீர் குடி.

உன் பாடம் உடனே பயன்பட்டுவிட்டது. போன சனிக்கிழமை ஓடை வளைவில் மூன்று நீலக் கூடாரங்கள். அடுப்பு மூட்டி, கோழியைச் சுட்டு, பாட்டும் போட்டிருந்தார்கள். எல்லைக் கல்வரை நடந்துபோய், "இது காப்புக்காடு, தங்கக் கூடாது" என்றேன். ஒருவன், "காட்டுக்குக் கதவா இருக்கு, பூட்டிக்கிட்டுப் போறதுக்கு?" என்றான். எல்லைக் கல்லைக் காட்டினேன். "ஓ, இது எழுத்தா? கல்லறைன்னு நெனச்சோம்" என்றான் இன்னொருவன். நீ எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு மணி நேரத்தில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இரண்டு பேர் வந்து, அபராதம் போட்டு, கூடாரங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது தினமும் காலையில் ஓடைப் பக்கம் ரோந்து வருகிறார்கள். ஒரு சட்டத்தைப் படித்து, அது கண்ணெதிரே நடப்பதைப் பார்ப்பது எனக்கு இதுவே முதல் தடவை.

அப்பாவிடம் உரிமத்தை மாற்றுவது பற்றிப் பேசிப் பார்த்தேன்.

"ஏட்டி, நான் செத்தா போயிட்டேன்?"

"செத்தாத்தான் மாத்தணும்னு இல்லப்பா. இருக்கும்போதே மாத்தலாமாம்."

"எதுக்கு மாத்தணும்னு அந்தத் தாளுல ஒரு கேள்வி இருக்கும்லா. அதுல என்னத்த எழுதுவ?"

மார்கழியில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள்.

மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

ஸ்ரீமதி


பயிற்சிப் பள்ளி விடுதி
28.9.2025

ஸ்ரீமதிக்கு,

நலம். சளி போய்விட்டது.

நீலக் கூடாரம் என்று எழுதியிருந்தாய். ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை உண்டா?

லட்சுமி


கடையம்
5.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மூன்று வாரம் கழித்து இரண்டு வரி எழுதியிருக்கிறாய். உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன்.

ஆமாம், ஆரஞ்சுப் பட்டை உண்டு. வெள்ளைப் பெயிண்டில் எண்ணும் போட்டிருந்தது. நான்கு, ஐந்து, ஏழு. ஏன் கேட்கிறாய்?

ஸ்ரீமதி


பயிற்சிப் பள்ளி விடுதி
26.10.2025

அன்புள்ள ஸ்ரீமதிக்கு,

ஆறாவது எண் கூடாரம் கிழிந்துபோய் எங்கள் மொட்டைமாடியில் கிடக்கிறது. அதனால்தான் ஐந்துக்குப் பிறகு ஏழு.

உன் அத்தானுடையவை. சீசனில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறது என்று போன வருடம் எட்டுக் கூடாரம் வாங்கி வாடகைக்கு விட்டார். வாடகைக்கு விடுவதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பையன்களுக்கு ஓடை வளைவைக் காட்டியதும் அவர்தான். அபராதம் அவருக்கும் விழுந்தது. என்னிடம் சொல்லவில்லை. இங்கே ஓர் ஆசிரியர் வகுப்பில் பெயர் சொல்லாமல் அந்தச் சம்பவத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். "காவலாளி வீட்டிலேயே வழிகாட்டி இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். நான் யார் என்று தெரிந்துதான் கேட்டாரா என்று தெரியவில்லை. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிறு அத்தானிடம் பத்து நிமிடமும் பேசினேன். கடைசியில் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்.

உன்மேல் பத்து நாள் கோபமாக இருந்தேன். பிறகு பார்த்தால், எண்ணைக் கொடுத்ததே நான். கோபம் போய்விட்டது.

என் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இனி உன் முறை. நீ திருத்தும் கதை முடிந்ததா? அப்படி ஒரு கதையே இல்லை என்று ஆகஸ்டிலேயே எனக்குத் தெரியும். தையில் எங்களுக்குப் பணி ஆணை வரும். எங்கே போடுவார்களோ, கடையம் சரகமாகவும் இருக்கலாம். அப்புறம் நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருக்க முடியாது. சீருடை போடுவதற்கு முன் எழுது.

லட்சுமி


கடையம்
16.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். அத்தான் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பேசியிருப்பேனா என்று யோசித்தேன். பேசியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதனால் மன்னிப்புக் கேட்காமல் விடுகிறேன்.

கதை இல்லை. அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம். நேர் எதிரே இருப்பது மங்கலாகத் தெரிகிறது, எழுத்து தெரிவதில்லை, சுற்றிலும் இருட்டு என்கிறார். போன பங்குனியில் தென்காசியில் காட்டினோம். இழந்த பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். சொட்டு மருந்து விடுகிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வைகாசியிலிருந்து அவர் துப்பாக்கியைக் கெட்டித்துக் கொடுக்கிறார், நான் சுடுகிறேன். கெட்டிக்க என்னை விடமாட்டார். "கெட்டிக்கது கைவேல, அது எனக்கு இருக்கு. குறி பாக்கதுதான் இல்ல" என்பார். விடியும் முன் இருவரும் வரப்பில் உட்கார்ந்திருப்போம். "எங்கனட்டி சத்தம் கேக்குது?" "கீழ மூலையிலப்பா." "மேல தூக்கிச் சுடு." நான் சுட்டதும், ஓடும் சத்தத்தைக் கேட்டு எத்தனை உருப்படி என்று சரியாகச் சொல்வார். அக்கா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அத்தனை நாளும் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தச் சத்தம் தேவையாக இருந்தது.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி காலை ஆறு மணி. சோளத்தில் கதிர் பிடித்திருக்கிறது. பன்றிகள் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கின. அவை எனக்கு மேலே மேட்டில் நின்றதால், வழக்கம்போல் துப்பாக்கியைத் தூக்கினாலும் குழல் அவை பக்கமே இருந்தது. சுட்டபோது தோளில் விழுந்த உதை வேறு மாதிரி இருந்தது. ஒரு பெண் பன்றி நான்கு அடி நடந்து விழுந்தது. காவலர்கள் ஓடையில் ரோந்தில் இருந்தார்கள், என்னால்தான். சத்தம் கேட்டு வந்துவிட்டார்கள். அதற்குள் அப்பா என் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி, "நீ வீட்டுக்குள்ள போ" என்றார். அவர்களிடம், "நான்தாம்யா சுட்டேன்" என்றார். வயலை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டேன்.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இருபத்து நான்காம் தேதிக்குள் எழுத்தில் வாக்குமூலம் கேட்டிருக்கிறார்கள். அப்பா சொல்வார், நான் எழுத வேண்டும்.

ஒன்றுமட்டும் எனக்குப் புரியவில்லை. அவரிடம் இரண்டு டப்பா இருக்கிறது. ஒன்றில் மருந்து மட்டும் சுற்றிய காகிதப் பொட்டலம். இன்னொன்றில் மருந்தும் ஈயக்குண்டும் சேர்த்துச் சுற்றிய பழைய பொட்டலம். கண் தெரியாமல் டப்பா மாறிவிட்டதா? ஏழு நாளாக ஒரே தட்டில் இட்லி அவித்து எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கேட்க வாய் வரவில்லை.

ஸ்ரீமதி


பயிற்சிப் பள்ளி விடுதி
19.11.2025
(விரைவுத் தபால்)

என் தங்கச்சிக்கு,

இது அக்கா எழுதுவது. சீருடை இன்னும் வரவில்லை.

சித்தப்பா சொன்னபடியே எழுதினால் வழக்கு அவர்மேல் போகும். தன் துப்பாக்கியால் தான் சுட்டார், வேட்டை மட்டும்தான் குற்றம். ஆனால் விசாரணையில் யாராவது ஒரு தாளை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் முடிந்தது. பொய் சொன்னார் என்பதும் சேரும். உன் பெயரை எழுதினால் உரிமம் இல்லாமல் சுட்டது உன்மேல் வரும், துப்பாக்கியைக் கொடுத்தது அவர்மேல் வரும். இனி உன் பெயருக்கு உரிமமும் கிடைக்காது. துப்பாக்கி அந்த வீட்டுக்குத் திரும்பாது. எது இலேசு என்று என்னைக் கேட்காதே. இரண்டும் இலேசில்லை. வக்கீல் ஒருவரைப் பார். அவசரம் என்று கெஞ்சிச் செல்போனை வாங்கி அத்தானிடம் சொல்லியிருக்கிறேன், அவர் உன்னோடு வருவார். உன்மேல் அவருக்குக் கோபமில்லை. "அந்தப் பிள்ள போன் பண்ணதுல எங்கூடாரத்துக்கு விளம்பரம்தான்" என்றார். பொய், ஆனாலும் சொன்னார்.

வாக்குமூலம் எழுதுவது பற்றி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. எதை எழுதினாலும், கொடுத்தவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துக் காட்டாத வாக்குமூலம் வெறும் தாள்.

லட்சுமி


(நகல், அக்காவுக்கு)

24.11.2025
பெறுநர்: வனச்சரக அலுவலர் அவர்கள்

ஐயா,

கடையத்தைச் சேர்ந்த பால்வண்ணநாதன், வயது 66, ஆகிய நான் கொடுக்கும் வாக்குமூலம். 1994 முதல் பயிர்ப் பாதுகாப்புக்காக ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருக்கிறேன். 9.11.2025 காலை ஆறு மணி அளவில் என் மக்காச்சோள வயலில் பன்றிகள் இறங்கின. நான் சுட்டேன். ஒரு பன்றி விழுந்து இறந்தது. அப்போது என் மகள் வீட்டுக்குள் இருந்தாள். அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மேலே உள்ளதை என் தந்தை சொல்லச் சொல்ல, மகள் ஸ்ரீமதியாகிய நான் எழுதினேன். கடைசியில் 'படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது' என்று எழுதச் சொன்னார். அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. அவரால் படிக்க இயலாது. பங்குனி மாதத்து மருத்துவச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். வைகாசி முதல் அந்தத் துப்பாக்கியால் சுட்டு வந்தது நான். 9.11.2025 அன்று சுட்டதும் நான். சத்தத்துக்காகவே சுட்டேன். குழலில் குண்டு இருந்தது எனக்குத் தெரியாது. எப்படி வந்தது என்பதும் தெரியாது.

இதுவரை எழுதியதை முழுவதுமாக என் தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு அவர் சொன்னதை, அவர் கேட்டுக்கொண்டபடி, அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்:

"டப்பா மாறல. குண்டு இருக்கிற பொட்டலம் கனக்கும், அது கைக்குத் தெரியும். கடலையும் போச்சு, சோளமும் போகுதேன்னு தெரிஞ்சுதான் போட்டேன். எம்மவ கையில குடுக்கோம்னும் தெரியும். அதையும் எழுதுட்டி. எழுதிட்டியா? வாசி."

வாசித்தேன். சரி என்றார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலை எடுத்து வைத்தேன். அவர் கையெழுத்துக்குக் கீழே என்னுடையது.

பா. பால்வண்ணநாதன்
பா. ஸ்ரீமதி